தோல் பறியும் சிட்டாவும்: கொங்கு வேளாண்மையில் விடுபட்ட பக்கங்கள்

(கோவையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசிப்பு அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கூப்பிட்ட தோழர் கவிதை பத்தித்தான் பேசச் சொன்னார். நான் வேளாண்மை பத்திப் பேசுறேன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "நீங்க பேங்க்ல இருக்கீங்க, கவிதை எழுதுறீங்க, உங்களுக்கு எதுக்குங்க வெள்ளாமை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் இவ்வளவுதான். என் மேசைக்கு நாள்தோறும் வருகிற காகிதங்களில் பாதிக்கு மேல் விவசாயக் கடன் காகிதங்கள். அந்தக் காகிதங்களில் 'விவசாயி' என்ற இடத்தில் எங்க சனத்தின் பெயரை நான் மிக அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். கொங்கு மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் காட்டிலும் தோட்டத்திலும் கிடந்த ஒரு சனம் அந்தக் காகிதத்தில் ஏன் இல்லை? இந்தக் கேள்வியின் பின்னால் போனால் இருநூறு வருட வேளாண்மை வரலாறு வருகிறது. அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். நான் ஆய்வாளன் இல்லை. படித்ததையும் வீட்டில் கேட்டதையும் வேலையில் பார்த்ததையும் வைத்துப் பேசுகிறேன்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். பழைய கோயமுத்தூர் ஜில்லா இன்றைக்கு இருக்கிற அளவு கிடையாது. ஈரோடு 1979இல் தனி மாவட்டமானது. திருப்பூர் 2009இல் பிரிந்தது. கொள்ளேகாலம்கூட 1956 வரை இந்த ஜில்லாவில்தான் இருந்தது. மேற்கே மலை. தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும், இந்தப் பக்கம் மழை மறைவு. பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்துத்தான் வரும். நொய்யல், பவானி, அமராவதி ஓரமா கொஞ்சம் வயல் உண்டு. காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டிலேயே வெட்டப்பட்டது. ஆனால் மிச்சமிருக்கிற பெரும்பரப்பு மானாவாரிக் காடு. சோளம், கம்பு, ராகி, கொள்ளு. இந்தக் காடு தோட்டமாக மாறவேண்டும் என்றால் ஒரே வழிதான், கிணறு வெட்டணும். பாறையை உடைத்து வெட்டணும்.

ஆகவே கொங்கு வேளாண்மையின் வரலாறு என்பது கிணறுகளின் வரலாறு. ஆதிக்க சாதிக்காரர்களும் இதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள்: "எங்க பாட்டன் பாறையில தண்ணி கண்டவன்." சரி. பாறையை உடைத்தது யார்? கல்வேலை தெரிந்த போயர்கள். கிணத்திலிருந்து தண்ணி மேலே வந்தது எதில்? தோலில்.

இதை நிதானமாகக் கவனிக்கணும் தோழர்களே. இரண்டு எருதுகளைப் பூட்டி, சரிவில் முன்னால் இறங்கவும் பின்னால் ஏறவும் விட்டு இறைப்பதுதான் கவலை. அதன் உயிர் பறி. பறி என்பது மாட்டுத்தோல். தோட்டத்தில் ஒரு மாடு செத்தால் மாதாரிக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர் அதைத் தூக்கிப்போய் உரிக்கணும், சுண்ணாம்பில் ஊறப்போடணும், ஆவாரம்பட்டையில் பதப்படுத்தணும், பறி தைக்கணும், எண்ணெய் விட்டு மிருதுவாக வைக்கணும். பறி கிழிந்தால் வெள்ளாமை நின்னுபோகும். ராத்திரியானாலும் வந்து தைக்கணும். இறைப்பதும் பெரும்பாலும் அவரேதான், விடிவதற்கு முன்பே. அந்தத் தண்ணி பாய்ந்துதான் பருத்தி, புகையிலை, மஞ்சள், வாழை எல்லாம் வந்தன.

இப்போது இதில் இருக்கிற கொடூரத்தைப் பாருங்க. மாதாரி தைத்த தோலில் ஏறி வந்த தண்ணியை எல்லோரும் குடித்தார்கள். அந்தத் தோல் நாள் முழுக்கக் கிணத்துத் தண்ணிக்குள்ளே மூழ்கி மூழ்கி எழுந்தது. தண்ணி தீட்டாகவில்லை. ஆனால் அதே மாதாரி அதே கிணத்தில் இறங்கி ஒரு கை அள்ளினால் தீட்டு. வாய்க்காலில் ஓடி வரும்போது கீழே குனிந்து குடிக்கலாம், இல்லையென்றால் யாராவது மேலிருந்து ஊத்தணும். தீட்டு என்பது அழுக்கு பற்றிய நம்பிக்கை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தீட்டு என்பது சொத்து பற்றிய சட்டம். தண்ணி யாருடையது என்று தினமும் நினைவுபடுத்துகிற ஏற்பாடு.

எங்க தாத்தா பறி தைத்தவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம் எங்களுடையது, உங்களில் பலருக்கும் அப்படித்தான். அவருக்குப் பறி தைக்கிற கணக்கு அத்துப்படி. கிணத்தின் ஆழத்தையும் எருதின் வயசையும் சொன்னால் தோல் எவ்வளவு பெரிசா இருக்கணும் என்று சொல்லிவிடுவார். இது பொறியியல் இல்லையா? நம்ம ஊரில் பம்ப் தொழிலின் வரலாற்றை எழுதுபவர்கள் 1930களிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் தண்ணி தானாகவா மேலே வந்தது?

அடுத்து, காகிதத்தின் வரலாறு. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு கொங்குநாடு கும்பெனி கைக்குப் போனது. அடுத்த வருடமே பிரான்சிஸ் புக்கானன் இந்த வழியாகப் பயணம் செய்து மண், பயிர், கிணறு, கூலி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனார். அது 1807இல் புத்தகமாக வந்தது. பக்கத்திலே பாராமகாலில் ரீடும் மன்றோவும் தொடங்கிவைத்த ரயத்துவாரி முறை இங்கேயும் வந்தது. ரயத்துவாரி என்றால் என்ன? சர்க்காருக்கும் உழவனுக்கும் நடுவில் ஜமீன்தார் இல்லை, நேரடியாகப் பட்டா. முற்போக்கான ஏற்பாடு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் 'உழவன்' என்று சர்க்கார் யாரைக் கண்டது? வரி கட்டக்கூடியவனை. ஏரைப் பிடித்தவன் எல்லாம் உழவன் இல்லை. கணக்குப் பிள்ளையின் ஏட்டில் பெயர் உள்ளவன்தான் உழவன். நிலத்தில் உழைத்தும் ஏட்டில் ஏறாதவர்கள் அன்றைக்கே வரலாற்றிலிருந்து இறக்கிவிடப்பட்டார்கள்.

அதன் மேல் கடன் வந்தது. 1876–78 பெரும் பஞ்சத்தில் இந்த ஜில்லா கடுமையாக அடிபட்டது. அதன் பின்னால் 1883இல் நில மேம்பாட்டுக் கடன் சட்டம், 1884இல் விவசாயிகள் கடன் சட்டம். பெரியவர்கள் தக்காவிக் கடன் என்பார்களே, அதுதான். கிணறு வெட்டச் சர்க்காரே கடன் கொடுத்தது. எதன் பேரில்? நிலத்தின் பேரில். இங்கே ஒரு பெயரைச் சொல்லணும்: பிரெடரிக் நிக்கல்சன். 1887இல் கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்தவர். அதே மனிதர்தான் 1895இலும் 1897இலும் விவசாய வங்கிகள் பற்றி இரண்டு பெரிய அறிக்கைகள் எழுதினார். ஜெர்மனியில் ரைபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களைப் பார்த்து இங்கேயும் அப்படி வேண்டும் என்றார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. இந்தியாவின் கூட்டுறவு இயக்கத்துக்கு ஒரு வேர் நம்ம கொங்கு மண்ணைப் பார்த்த ஒரு அதிகாரியின் எழுத்தில் இருக்கிறது. நான் வேலை செய்கிற துறையின் பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நிக்கல்சனின் கவலை உண்மையான கவலை. வட்டிக்காரனிடமிருந்து விவசாயியைக் காப்பாற்றணும் என்று நினைத்தார். ஆனால் அந்த விவசாயியிடமே முன்பணம் வாங்கி அதற்காகத் தன் உடம்பை அடமானம் வைத்த பண்ணையாளின் கடன் எந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டிலும் ஏறவில்லை. எங்க தாத்தா கல்யாணத்துக்கு ஒரு பண்ணாடியிடம் வாங்கிய முன்பணத்துக்கு எங்கப்பா பத்து வயசில் பட்டி ஆடு மேய்க்கப் போனார். காலையில் பழைய கூழ், மத்தியானம் களி, வருஷத்துக்கு ஒரு வேட்டி துண்டு. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்று எழுத்தில் கிடையாது. கணக்கு பண்ணாடியின் வாயில் இருந்தது. நான் இன்றைக்குப் பைசா சுத்தமாகக் கணக்கு எழுதுகிறேன் என்றால் அந்த எழுதாத கணக்கின் மேல் இருக்கிற ஆத்திரமும் அதில் உண்டு.

இந்த இடத்தில் தஞ்சாவூரோடு ஒப்பிட்டுப் பார்க்கணும். கீழத்தஞ்சையில் சங்கம் வந்தது, செங்கொடி வந்தது, கூலி உயர்வுக்குப் போராட்டம் வந்தது, 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேரைக் கொளுத்தினார்கள். கொங்கில் அப்படி ஒரு விவசாயத் தொழிலாளர் எழுச்சி ஏன் வரவில்லை? "இங்கே எல்லோரும் ஒத்துமையா இருந்தோம்" என்று பதில் சொல்வார்கள். என் பதில் வேறு. டெல்டாவில் நூறு பேர் ஒரே வயலில் வரிசையா இறங்கி நடவு நட்டார்கள், அறுத்தார்கள். கூட்டமாக வேலை செய்பவர்கள் கூட்டமாக நிற்க முடியும். இங்கே ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கிணறு, ஒரு சாளை, ஒன்றோ இரண்டோ பண்ணையாள் குடும்பம். இன்னொரு தோட்டத்து ஆளைப் பார்க்கணும் என்றால் வளவுக்குத் திரும்பணும், அதுவும் இருட்டின பிறகு. கிணத்தைச் சுற்றி அமைந்த வேளாண்மை நம்மைத் துண்டு துண்டாக வைத்திருந்தது. அமைதி என்று அவர்கள் சொல்வது இந்தத் தனிமையைத்தான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தஞ்சாவூர் மிராசுதார் சேற்றில் கால் வைக்கவில்லை. கொங்குக் கவுண்டர் வைத்தார். ஏர் ஓட்டினார், மடை திருப்பினார், பொம்பளைகளும் காட்டு வேலை செய்தார்கள். இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் உழைத்த இரண்டு பேரில் ஒருவருக்கு நிலமும் இன்னொருவருக்குக் கூழும் என்பதுதான் விஷயம். அவர் உழைத்தார் என்பதால் அவருடைய உடைமைக்கு ஒரு தார்மீகம் வந்துவிடுகிறது. "நாங்க உழைச்சு முன்னேறினோம்" என்ற சொல்லாடல் அங்கிருந்துதான் கிளம்புகிறது. திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளைப் பற்றி ஷரத் சாரி என்பவர் ஒரு ஆய்வு செய்தார், 2004இல் புத்தகமாக வந்தது. உழவர் குடும்பத்திலிருந்து வந்த கவுண்டர் முதலாளிகள் தங்கள் வெற்றிக்குச் சொல்கிற காரணம் 'உழைப்பு' என்று அதில் விரிவாகக் காட்டுகிறார். சரி, உழைப்புத்தான் முதல் என்றால், ஊரிலேயே அதிகம் உழைத்தவன் ஊரிலேயே பெரிய முதலாளி ஆகியிருக்கணும் இல்லையா? கேட்டுப் பாருங்க, பதில் வராது.

இப்போது பருத்திக்கு வருவோம். 1888இல் ஸ்டேன்ஸ் துரை கோவையில் முதல் நூற்பாலையைத் தொடங்கினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி இந்த மண்ணுக்கு வந்தது. கிணத்துப் பாசனத்தில் நன்றாக வந்தது, இழை நீளம். பேர்தான் கம்போடியா. பயிரின் இனம் அமெரிக்க மேட்டுநிலப் பருத்தி. மிசிசிப்பியிலும் அலபாமாவிலும் கறுப்பின அடிமைகளைச் சாட்டையால் அடித்து எடுக்க வைத்த அதே இனம். அங்கிருந்து உலகம் சுற்றி நம்ம தோட்டத்துக்கு வந்தது, இங்கே அதை எடுத்ததும் நம்ம அம்மாக்களின் விரல்கள். இது வெறும் கவித்துவமான தற்செயல் இல்லை. அந்த மக்களின் நில வரலாற்றை நாம் படித்தாக வேண்டும். 1865இல் உள்நாட்டுப் போர் முடிகிற நேரத்தில், விடுதலையான குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரை நிலம் என்று ஒரு ராணுவ உத்தரவு வந்தது. அதே வருடம் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதைத் திருப்பிவிட்டார். நிலம் பழைய எசமானர்களுக்கே போனது. இருந்தும் அவர்கள் குத்தகை பிடித்தும் சேர்த்து வைத்தும் நிலம் வாங்கினார்கள். 1920இல் கறுப்பின விவசாயிகள் ஏறத்தாழ 9 லட்சத்து 25 ஆயிரம் பேர். 1992 கணக்கில் அது 20 ஆயிரத்துக்கும் கீழே. எங்கே போனார்கள்? கொலையும் மிரட்டலும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கடன் அலுவலகம். வெள்ளைக்காரனுக்கு விதைப்புக்கு முன்னால் கிடைத்த கடன், கறுப்பருக்கு விதைப்பு முடிந்த பிறகு கிடைத்தது, அல்லது கிடைக்கவே இல்லை. அவர்கள் விவசாயத் துறைமீது வழக்குப் போட்டு 1999இல் இழப்பீட்டு உடன்பாடு பெற்றார்கள். பிக்ஃபோர்டு வழக்கு என்று பெயர். ஒரு குமாஸ்தாவின் மேசையில் ஒரு காகிதம் தாமதமாவது எப்படி ஒரு இனத்தின் நிலத்தைத் தின்னும் என்பதற்கு அது பாடம். அங்கே நிலத்தைப் பிடுங்கினார்கள். நமக்குப் பிடுங்குவதற்கே விடவில்லை.

கரும்பையும் சொல்லிவிடுகிறேன். 1912இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் வேலை செய்த இடம். 1918இல் 'கோ 205' என்ற ரகம் வெளிவந்தது. எப்படி உருவாக்கினார்கள்? இனிப்பான நல்ல சாதிக் கரும்பு ஒன்றை எடுத்து, ஓடைக்கரையில் யாரும் சீந்தாமல் நிற்கிற காட்டுக்கரும்புப் புல்லோடு கலந்தார்கள். 'நல்ல சாதி' கரும்பு வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை, புல்லின் ரத்தம் சேர்ந்ததும் தாங்கியது. வட இந்தியக் கரும்புச் சாகுபடியே மாறிப்போனது. 1934இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஜானகி அம்மாள், தலச்சேரியில் தீயர் சமூகத்தில் பிறந்தவர், கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து பார்த்தார். கலப்பில்தான் வலு என்று உலகத்துக்கே நிரூபித்த ஊர் இது. இந்த ஊருக்குப் பக்கத்தில்தான், 2016 மார்ச் 13இல், உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தின் அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள், கலப்பு மணம் செய்தான் என்பதற்காக. பயிரில் ஒட்டுரகம் வேண்டும், வீட்டில் வேண்டாம். இதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மின்சாரம் வந்த கதை. 1932இல் பைக்காரா நீர்மின் திட்டம் ஓடத் தொடங்கியது. ஆலைகள் பெருகின. மெல்ல மெல்லக் கிணத்து மேட்டிலும் மோட்டார் வந்தது. 1948க்கும் 1955க்கும் இடையில் பவானிசாகர் அணை கட்டி, கீழ்பவானி வாய்க்காலில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் வந்தது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பரம்பிக்குளம்–ஆழியாறு. தண்ணி வந்தது, வெள்ளாமை பெருகியது. பறி என்ன ஆனது? பரணுக்குப் போனது, அப்புறம் மக்கிப்போனது. எங்க தாத்தாவின் பொறியியல் ஒரு தலைமுறைக்குள் செல்லாக்காசானது. தோல் வேலை போனதைப் பற்றி நான் அழப்போவதில்லை. செத்த மாடு தூக்குகிற வேலை ஒழியட்டும், அதுவும் விடுதலைதான். என் கேள்வி வேறு. பறிக்குப் பதிலாக மோட்டார் வந்தபோது நிலக்காரருக்குக் கடன் கிடைத்தது, இணைப்புக் கிடைத்தது. பறி தைத்தவருக்கு என்ன கிடைத்தது? வேலை போனது, முன்பணக் கடன் மட்டும் போகவில்லை.

1970இல் பெருமாநல்லூரில் மின்கட்டணத்துக்காகப் போராடிய விவசாயிகள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது, மூன்று பேர் இறந்தார்கள். 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே நிறுத்தினார்கள். அந்த ஜூலை 5இல் மாநிலம் முழுக்கப் பதினைந்து பேர் சுடப்பட்டு இறந்தார்கள். அரசின் குண்டுக்குப் பலியானவர்களை நாம் மதிக்கிறோம். பிறகு சிறு விவசாயிகளுக்கு எம்.ஜி.ஆர். ஆட்சியும், 1989க்குப் பின் எல்லா விவசாயிகளுக்கும் கருணாநிதி ஆட்சியும் இலவச மின்சாரம் கொடுத்தன. போராடினால் கிடைக்கும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. ஆனால் அந்தப் போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலைப் படித்தவர்கள் யோசித்துப் பாருங்க. மின்சாரம், கடன், விளைபொருளுக்கு விலை. எல்லாம் நிலம் உள்ளவனின் கோரிக்கை. பண்ணையாளின் கூலி அந்த இயக்கத்தின் மையமாக என்றைக்கும் இருந்ததில்லை. 'விவசாயி' என்ற சொல் மேடையில் ஏறும்போது எப்போதும் நிலத்தோடுதான் ஏறுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பே அப்படித்தான் பிரிக்கிறது: அவர்கள் 'சாகுபடியாளர்', நாம் 'விவசாயத் தொழிலாளர்'. ஒரே காட்டில் நின்றுகொண்டு.

என் மேசையில் இது எப்படி வருகிறது என்று சொல்கிறேன். 1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. விவசாயத்துக்கு முன்னுரிமைக் கடன் என்று வந்தது. 1998இல் கிசான் கிரெடிட் கார்டு. எல்லாம் நல்ல திட்டம். எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது சிட்டா, அடங்கல். சிட்டா வைத்திருந்தவர் மனைவியின் நகையை விவசாயக் கடனாக வைத்துக் குறைந்த வட்டியில் பணம் எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் தோட்டத்திலேயே வேலை செய்கிற அம்மா அரைப் பவுன் தோட்டை வைக்க வந்தால் அது சாதா நகைக்கடன், கூட வட்டி. இரண்டு நகையும் ஒரே தராசில்தான் எடை போடப்படுகின்றன. தள்ளுபடி வரும்போதும் அதே கதை. 2021இல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது, 16.43 லட்சம் பேருக்குப் பயன். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் தள்ளுபடி ஆகணும் என்றால் முதலில் கடன் கிடைத்திருக்கணும். கடன் கிடைக்கணும் என்றால் நிலம் இருக்கணும். பண்ணாடியிடம் வாங்கிய முன்பணத்தை எந்த அரசாங்கம் தள்ளுபடி செய்யும்? 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் செய்தது, காகிதத்தில்.

ஜூடித் ஹேயர் என்ற பொருளாதார அறிஞர் 1981–82, 1996, 2008–09 என்று மூன்று முறை கோவைப் பகுதிக் கிராமங்களுக்கே திரும்பத் திரும்ப வந்து ஆய்வு செய்தார். ஊரைச் சுற்றித் தொழில் வளர்ந்தபோது நிலம் வைத்திருந்த சாதிகளும் தலித்துகளும் ஒரே வேகத்தில் மேலே வரவில்லை என்பதுதான் அவர் கண்டதன் சாரம். பண்ணையத்தை விட்டு வெளியே வந்தவர்களுக்கு எது கிடைத்தது? பனியன் கம்பெனியில் கடைநிலை, நூற்பாலையில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பேரில் நம்ம பெண்பிள்ளைகளின் மூன்று வருடம், நகரத்தில் துடைப்பமும் சாக்கடையும். அதற்கும் நடுவில் நூறு நாள் வேலைச் சட்டம் 2005இல் வந்தபோது, "ஆளே கிடைக்கிறதில்லைங்க, வெள்ளாமையே போச்சு" என்ற புலம்பல் கிளம்பியது. அந்தப் புலம்பலைத் தலைகீழாகப் படியுங்கள். கூப்பிட்ட கூலிக்கு வந்தாகணும் என்ற கட்டாயம் கொஞ்சம் தளர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். ஆள் கிடைக்காமல் தோட்டம் முழுக்கத் தென்னை வைத்தார்கள், ஆயிரம் அடிக்கு மேல் ஆழ்துளை போட்டார்கள், அப்புறம் சைட் போட்டு விற்றார்கள். நிலம் கோடிகளாக மாறியபோதும் நாம் அந்த வரவு செலவில் இல்லை.

சரி, இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன செய்வது? புலம்பிவிட்டுப் போக நான் வரவில்லை. மாணவர்களுக்கு மூன்று வேலை சொல்கிறேன்.

ஒன்று. 1892இல் டிரமென்ஹீர் அறிக்கையின் பேரில் ஒதுக்கப்பட்ட நிலங்களைப் பஞ்சமி நிலம் என்கிறோம். அது செங்கல்பட்டுச் சமாச்சாரம், 1994இல் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்த சமாச்சாரம், நமக்கு இல்லை என்று இருந்துவிடாதீர்கள். உங்க வட்டத்தின் பழைய 'அ' பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 1980களில் யு.டி.ஆர். வந்ததற்கு முந்தைய பதிவேட்டையும் பிந்தைய பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதில் நிபந்தனை இருந்து பின்னதில் காணாமல் போயிருந்தால், அங்கே ஒரு வழக்கு இருக்கிறது. நிபந்தனைப் பட்டா நிலங்களையும் அப்படியே பாருங்கள்.

இரண்டு. பறி தைத்தவர்கள், கவலை ஓட்டியவர்கள், கொறங்காட்டில் காங்கேயம் மாடு மேய்த்தவர்கள் இன்னும் சிலர் வளவுகளில் இருக்கிறார்கள். காங்கேயம் மாட்டின் வம்சாவளிக்குப் பதிவு இருக்கிறது, பாளையக்கோட்டைப் பட்டக்காரரின் பெயர் இருக்கிறது, மேய்த்தவனின் பெயர் மட்டும் இல்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். இப்போது செல்போனே போதும். கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எந்தக் கிணறு யார் தோண்டியது, எந்தக் காடு யார் திருத்தியது என்று கேட்டு எழுதுங்கள். பெருமூச்சை மட்டும் எழுதாதீர்கள், எண்ணையும் எழுதுங்கள். எண் இல்லாத வரலாற்றைக் கோர்ட்டும் ஏற்காது, பேங்கும் ஏற்காது.

மூன்று. தண்ணி. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணி, 24,468 ஏக்கர் பயன்பெறும் என்கிறது அரசு. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்ட திட்டம், மகிழ்ச்சி. குளத்தில் தண்ணி நின்றால் சுற்றிலும் கிணறு ஊறும். யார் கிணறு? குளத்து மீன் யாருக்கு? குளத்து வண்டல் யார் காட்டுக்குப் போகும்? குளம் பொதுச்சொத்து. அதன் ஏலத்திலும் பராமரிப்பிலும் வளவுக்குப் பங்கு வேண்டும் என்று கிராமசபையில் எழுந்து கேட்க வேண்டிய நேரம் இது. இன்னும் பத்து வருடம் கழித்து 'விடுபட்டோம்' என்று இன்னொரு கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

அம்பேத்கர் 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில், வேளாண்மையை அரசுத் தொழிலாக்கணும், நிலத்தைச் சாதி மத வேறுபாடு இல்லாமல் கிராமத்தாருக்குக் குத்தகைக்கு விடணும், நிலப்பிரபுவும் இல்லாமல் குத்தகைதாரனும் இல்லாமல் நிலமற்ற கூலியும் இல்லாமல் இருக்கணும் என்று எழுதினார். அரசியல் சட்டத்தில் அது ஏறவில்லை. நம்மில் பலர் அவரை இட ஒதுக்கீட்டுக்கு மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். 2009இல் வந்த அருந்ததியர் உள் ஒதுக்கீடு நியாயமானது, 2024இல் உச்ச நீதிமன்றமும் உட்பிரிவு ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்த வழியில் இன்னும் நூறு குமாஸ்தாக்கள் வருவார்கள், வரணும். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் நாம் உட்கார்ந்தால் மட்டும் போதாது தோழர்களே. மேசைக்கு அந்தப் பக்கம், கையில் சிட்டாவோடு, நம்ம சனம் வந்து நிற்கணும். 'தொழில்' என்ற கட்டத்தில் 'விவசாயி' என்று எழுதி அவர்கள் கையெழுத்துப் போடணும்.

அதற்கான வேலையை இந்த வாரமே தொடங்கலாம். 'அ' பதிவேட்டுக்கு மனு எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.